வழிநெடுக ஒரு நாற்காலி

அப்பா மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. மே மாதம் அவர் பைக்கில் ஸ்பெயினைச் சுற்றி வருவதாக இருந்தது. அதற்கான ஏற்பாடு இரண்டு வருடமாக நடந்தது. அவரைப் பற்றி எழுதுவதென்றால் அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவருடைய கடைசிக் காலம் அதுதான்.

பெயர் லெயாந்த்ரோ கஸ்கோன். ஊர் கலதாயூத். இருபத்தெட்டு வருடம் குளிர்சாதன லாரி ஓட்டினார். வாரம் ஒருமுறை தெற்கே அல்மேரியாவுக்குப் போய் தக்காளியும் குடைமிளகாயும் ஏற்றுவார். பிறகு வடக்கே பிரான்ஸ் எல்லை வரை போய் இறக்குவார். போக வர நெடுஞ்சாலைதான். தூங்குவது லாரிக்குள்.

"ஸ்பெயின் முழுக்க எனக்குத் தெரியும், ஆனா பின்பக்கமா" என்பார். கிடங்குகளின் பின்பக்கத்தைச் சொல்கிறார்.

நான் சிறுமியாக இருந்தபோது ஆகஸ்ட் மாதத்தில் அம்மாவும் நானும் பத்து நாள் கடற்கரைக்குப் போவோம். ஆகஸ்டில் அப்பாவுக்கு லோடு அதிகம், வர மாட்டார். அவர் கடலைப் பார்த்ததெல்லாம் பாலத்தின் மேலிருந்துதான். கால் நனைத்ததில்லை. அல்மேரியாவில் அவர் தக்காளி ஏற்றிய கிடங்கிலிருந்து கடல் நடந்துபோகும் தூரம்.

"இத்தனை வருஷம் போயிருக்கே. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கணும்னு தோணலையா, மனுஷா?" என்று அம்மா கேட்பாள். அம்மா பெயர் எலாதியா.

"நான் திரும்பினா லாரியும் திரும்பும்டீ."

சிறுநீரகம் இரண்டும் போய் டயாலிசிஸ் தொடங்கியபோது அவருடைய லாரி லைசென்ஸை எடுத்துக்கொண்டார்கள். சட்டம் அப்படி. டாக்டர் எழுதிக்கொடுத்தால் காரும் பைக்கும் மட்டும் ஓட்டலாம்.

"நாப்பது டன்னை என்னை நம்பிக் குடுக்க மாட்டாங்களாம். என்னை மட்டும் ரெண்டு சக்கரத்துல ஏத்தி விடுவாங்களாம். அவங்களுக்குத் தக்காளி மேலதான் அக்கறை" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அடுத்த மாதம் பழைய பைக் ஒன்று வாங்கிவந்தார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவர் பெயர் பட்டியலில் இல்லை. அந்த அறுவைச் சிகிச்சையை அவர் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க, ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வரும். அது ஆயுள் முழுக்க.

நான் காற்றாலை டர்பைன்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். ஒரு வேலையைச் செய்ய முடியுமா முடியாதா என்று முதலில் வரம்புகளை வைத்துத்தான் பார்ப்பேன். ஸ்பெயினைச் சுற்றப் போகிறேன் என்று அவர் சொன்னதும் அப்படித்தான் பார்த்தேன். வாரத்தில் மூன்று நாள் ஏதோ ஒரு ஊரில் டயாலிசிஸ் நாற்காலி வேண்டும். அந்த மூன்று நாளும் பைக் ஓட்ட முடியாது, உடம்பு துவண்டுபோகும். ஓட்டுவதற்கு மிச்சம் நான்கு நாள். வெள்ளியிலிருந்து திங்கள் வரைதான் நீண்ட இடைவெளி, அதற்கு மேல் ஒரு நாள் கூடத் தள்ள முடியாது. குடிக்கத் தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர். பொட்டாசியமும் உப்பும் உடம்பில் சேரும் என்பதால் தக்காளி, ஆரஞ்சு, உப்பிட்ட பன்றி இறைச்சி எதுவும் கூடாது. உருளைக்கிழங்கை ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இரண்டு முறை வேகவைத்தால் கொஞ்சம் சாப்பிடலாம்.

"முடியும். ஆனா நீ சொல்ற ரோட்டுல போக முடியாது. நாற்காலி இருக்கிற ஊர் வழியாத்தான் போகணும்" என்றேன்.

"நாற்காலி எங்க இருக்குன்னு கேப்போம். நல்ல ரோடு அதுக்குப் பக்கத்துலதான் எங்கயாவது ஓடும்."

சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார். இடம் உறுதியான ஊருக்கு வெள்ளை பீன்ஸ், பதில் வராத ஊருக்குக் கொண்டைக்கடலை. மதியம் அம்மா தட்டு வைக்க வரும்போது எல்லாவற்றையும் வழித்து எடுக்க வேண்டும். மறுநாள் காலை திரும்ப வைப்பார்.

"நேத்து ஒவியேதோவைக் கொழம்புல போட்டுட்டேன்" என்று அம்மா ஒருநாள் சொன்னாள்.

"பரவால்ல. அது உறுதியான ஊரு. நல்லா வெந்திருக்கும்."

வேறு ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்ள மருத்துவமனை வழியாக எழுதிக் கேட்பார்கள். அது போதும். ஆனால் அப்பா தானே ஒவ்வொரு ஊருக்கும் போன் செய்தார். நாற்காலி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. உங்கள் ஊருக்கு வர எந்த ரோடு அழகாக இருக்கும் என்பது இரண்டாவது. போனை எடுத்த நர்ஸ் திரும்பி அறையில் இருப்பவர்களைக் கேட்பாள். ஊசியோடு சாய்ந்திருக்கும் ஆட்கள் ஆளுக்கொரு ரோட்டைச் சொல்லி சண்டை போடுவார்கள். அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் காதலர்கள் பேச்சைக் கேட்பதுபோல் கேட்பார். லுகோவில் இரண்டு கிழவர்கள் ஒரு மலைப்பாதைக்காகப் பல நாள் பேசிக்கொள்ளாமல் இருந்தார்களாம். காசெரெஸில் ஒரு முதியவர், கழுகுகள் இருக்கும் பாறை வழியாக வரவில்லையென்றால் உள்ளே விட மாட்டேன் என்றார்.

எங்கள் ஊர் டயாலிசிஸ் அறையில் அப்பாவின் பக்கத்து நாற்காலிக்காரர் செஃபெரினோ. ஆட்டு வியாபாரி.

"யோவ் லெயாந்த்ரோ, ரத்தம் சுத்துறது போதாதா? நீயும் சுத்தணுமா?"

"ரத்தத்துக்கு தினம் ஒரே ரோடுய்யா. பாவம், அலுத்துப்போச்சு அதுக்கு."

"வலென்சியா பக்கம் போவியா? ஆரஞ்சுத் தோட்டமா இருக்குமே."

"ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டுப் போயிருவேன். வாசனையில கூடப் பொட்டாசியம் இருக்கும்னு சொல்வா டாக்டர்."

இடது முன்கையில் அவருக்கு ரத்தக்குழாய்களை இணைத்துவைத்திருந்தார்கள், ஊசி போடுவதற்காக. கை வைத்தால் உள்ளே அதிரும். கிளட்ச் பிடிக்கும் கையும் அதுதான். விரல் வைத்தாலே இழுபடும் அளவுக்குக் கிளட்ச்சை இலகுவாக்கிக் கொடுத்தேன். அம்மா அவருடைய தோல் ஜாக்கெட்டின் இடது கையைப் பிரித்து, அகலமாகத் துணி வைத்துத் தைத்தாள். பைக்கில் ஏறவே மாட்டேன் என்று சொன்னவள் அவள். ஒரே ஒரு ஊருக்கு மட்டும் பஸ்ஸில் வருவதாக ஒப்புக்கொண்டாள். அல்மேரியாவுக்கு. அவர் கால் நனைப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

அல்மேரியாவில்தான் இடம் கிடைக்கவில்லை.

அப்பாவின் கணக்குப்படி வெள்ளிக்கிழமை ஊயெல்வாவில் டயாலிசிஸ். சனி, ஞாயிறு மலைகள் வழியாகக் கிழக்கே போய், திங்கள் காலை அல்மேரியா கரை. அங்கே கடலோரமாக ஒரு சின்ன ஊரில் நான்கே நாற்காலிகள் கொண்ட ஒரு நிலையம் இருந்தது. மே மாதம் அது விடுமுறைக்கு வரும் ஜெர்மானியர்களாலும் ஆங்கிலேயர்களாலும் நிரம்பியிருக்கும். அந்தத் திங்கட்கிழமை கிடைக்காவிட்டால் அவர் சனிக்கிழமையே உள்நாட்டுக்குத் திரும்பி, திங்கள் டயாலிசிஸுக்குக் கோர்தோபாவில் தங்க வேண்டும். பிறகு நெடுஞ்சாலை வழியாகக் கிழக்கே. அவர் லாரி ஓட்டிய அதே நெடுஞ்சாலை.

"கோர்தோபாவும் அழகான ஊர்தானேப்பா" என்றேன்.

"ஊரு அழகுதாம்மா ஒரோசியா. நான் அந்த ரோட்டை ஒரு வாழ்க்கை பூரா பார்த்துட்டேன். இன்னொரு தடவை அதையே பார்க்கறதுக்கு நான் இங்கயே சோபாவுல உக்காந்திருப்பேன்."

அல்மேரியாவின் கொண்டைக்கடலை மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளையாயின.

அந்த நிலையத்தில் போன் எடுப்பவள் என்கார்னா. அப்பா வியாழன் தோறும் கூப்பிடுவார். அது அவருக்கு ஊசி இல்லாத நாள். நான் விடுப்பில் வந்திருந்தபோது ஒருமுறை கேட்டேன்.

"மறுபடி நீங்களா? இடம் இல்லைன்னு போன வாரமே சொன்னேன்ல?"

"அது போன வாரத்து இல்லை. இந்த வாரத்து இல்லை எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்."

"அதுவும் அப்படியேதான் இருக்கு."

"கடல்?"

"அதுவும் அப்படியேதான் இருக்கு. எங்கயும் போகல."

"நான் வர்ற வரைக்கும் பார்த்துக்கங்க."

கிறிஸ்துமஸுக்குச் சாக்லேட்டில் தோய்த்த பழங்கள் ஒரு பெட்டி அவளுக்கு அனுப்பினார். எங்கள் ஊர்ப் பண்டம். அவர் ஒன்று கூடச் சாப்பிட முடியாது. 'லஞ்சம் கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை' என்று அவள் ஒரு அட்டையில் எழுதி அனுப்பினாள். அதை அப்பா ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தார்.

பிப்ரவரியில் ஒரு வியாழன் அவர் கூப்பிடுவதற்கு முன் அவளே கூப்பிட்டாள். யாரோ ஒரு ஆங்கிலேயர் பயணத்தை ஜூனுக்கு மாற்றிக்கொண்டார். திங்கள் காலை, ஜன்னல் பக்க நாற்காலி.

 அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே பைக்கிடம் போய் நின்றார். அம்மாதான் நன்றி சொன்னாள். பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும், நிலையத்துக்கு எப்படி வருவது என்றெல்லாம் விவரம் கேட்டாள். அன்று மதியம் அப்பா தன் அரை லிட்டர் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். மிச்ச நாள் முழுக்க எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த மாதம் இறந்தார்.

அடக்கம் செவ்வாய்க்கிழமை. அம்மா எல்லாரிடமும் கை கொடுத்தாள், முத்தமிடக் கன்னம் கொடுத்தாள். "போய்ட்டாரே" என்று யார் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினாள். வியாழக்கிழமை காலை என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நாற்காலியெல்லாம் திருப்பிக் குடுத்துரு" என்றாள்.

"ஆஸ்பத்திரியில சொன்னா அவங்களே எல்லா ஊருக்கும் எழுதிருவாங்கம்மா."

"அவங்க எழுதறதுக்குள்ள ஒரு மாசம் ஆகும். எடத்துக்குக் காத்துக்கிட்டு எவனாவது உக்காந்திருப்பான். இப்பவே கூப்பிடு."

அவர் போகவிருந்த வரிசையிலேயே கூப்பிட்டேன். ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள் அம்மா. சந்தாந்தேரில் போன் எடுத்தவருக்கு அப்பாவைத் தெரியவில்லை, ரத்து செய்துவிட்டு வைத்துவிட்டார். ஒவியேதோவில் காரணம் கேட்கவில்லை. லுகோவில், மழைக்குக் காற்சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள் என்று நர்ஸ் முந்திக்கொண்டாள். அவரால் வர இயலாது என்று மட்டும் சொன்னேன். சமோராவில் ஒரு ஆண் நர்ஸ், பைக்கை ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் நிறுத்த அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னார். நாற்காலியில் இருந்தபடியே பைக் கண்ணில் பட வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தாராம். அவருக்கும் அதே பதில். வர இயலாது. வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

அடுத்தது காசெரெஸ்.

"மே மாசம் புதன்கிழமைக்கு லெயாந்த்ரோ கஸ்கோன் பேருல ஒரு நாற்காலி இருக்கு. அது வேண்டாம், எடுத்துருங்க" என்றேன்.

அந்தப் பெண் கத்தினாள்.

"கெடச்சிருச்சா?"

எனக்குப் புரியவில்லை. அதற்குள் அவள் போனிலிருந்து வாயை எடுத்து அறைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க! கலதாயூத் லெயாந்த்ரோவுக்குக் கிட்னி கெடச்சிருச்சு! பைக்குக்காரருக்கு!"

டயாலிசிஸ் அறைகளில் ஒருவர் பல மாதம் கெஞ்சி வாங்கிய இடத்தை விட்டுக்கொடுத்தால் முதலில் நினைப்பது இதைத்தான். அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது என்ற மருத்துவ அறிக்கையை அவள் திறந்து பார்த்திருக்க மாட்டாள்.

தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கையில் ஊசி இருக்கும்போது அவர்களால் கை தட்ட முடியாது. இன்னொரு கையால் நாற்காலியின் கைப்பிடியில் தட்டினார்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. நிறையப் பேர்.

"ரெண்டு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லுங்க!" என்றது ஒரு குரல்.

"ஒரு தக்காளியை முழுசா!" என்றது இன்னொன்று.

"மே மாசம் வேணாம், ஒடம்பு தேறட்டும். அடுத்த வருஷம் வரட்டும். கழுகுப் பாறை வழியா வரச் சொல்லுங்க, நான் வாசல்ல நிக்கிறேன்." அந்த முதியவர்தான்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ரொம்ப நன்றி. எல்லாருக்கும் என் நன்றியைச் சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

"அம்மா, அவங்களுக்கு எப்படியும் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும். இன்னைக்குத் தெரிய வேணாம். ஊசியோட உக்காந்திருக்காங்க. எந்திரிச்சு வெளிய போய் நிக்கக்கூட முடியாதே அவங்களால."

ஊயெல்வாவுக்கும், அப்பாவின் பயணத்தில் கடைசி வாரத்துக்கு இருந்த அல்கோய்க்கும் குயென்காவுக்கும் நான் பேசினேன். அல்மேரியாவை விட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தியதை அம்மா கவனித்தாள். எல்லாம் முடிந்த பிறகு, "அதை நான் பேசுறேன்" என்றாள்.

என்கார்னா உடனே எடுத்தாள். எண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

"மனசு மாறி நாற்காலியைச் செவ்வாய்க்கு மாத்தச் சொன்னா கொன்னுருவேன் உங்களை."

"நான் எலாதியா பேசுறேன்."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க. பஸ் டிக்கெட் எடுத்தாச்சா?"

"என் வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா. ஞாயித்துக்கிழமை."

அம்மா 'இறந்துட்டார்' என்று சொல்லி அப்போதுதான் கேட்டேன்.

 மறுபக்கம் ஓர் இயந்திரம் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது.

"அந்தத் திங்கக்கிழமையை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். அன்னைக்கு ஒரு நாள் அது காலியா இருக்கட்டும். யாரு கேட்டாலும் நான் பார்த்துக்கறேன்" என்றாள் என்கார்னா.

"காலியா வைக்காதீங்கம்மா" என்றாள் அம்மா. "அதை வாங்கறதுக்கு அவர் உங்களை என்ன பாடு படுத்தினார். இப்ப வேற எவனாவது அதே மாதிரி படுத்திக்கிட்டு இருப்பான்ல?"

"ஒருத்தர் இருக்கார். தினம் கூப்பிடுறார்."

"அவருக்குக் குடுத்துருங்க. இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் வைக்கிறேன், உங்க போன் அவருக்கு வேணும்."