மலையில் பங்கு போட்ட மாத்திரை

டாக்டர்கள் கூடும் இடங்களில் எங்கள் டாக்டரம்மாவின் ஆராய்ச்சியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவரோடு கொல்லிமலை ஏறிய நர்ஸ் நான். ஐம்பதுகளில் ரோடு ஏது? அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து நடைதான். நான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன். அவர் மருந்துப் பெட்டியோடு போய்க்கொண்டே இருப்பார். மனுஷியா என்றிருக்கும்.

மலையில் கர்ப்பிணிகள் சோகை பிடித்து வெளுத்துக் கிடந்தார்கள். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலே உயிர் போய்விடும். மலிவான ஒரு மாத்திரை அவர்களைக் காப்பாற்றுமா என்று கண்டுபிடிக்கத்தான் டாக்டரம்மா வந்தார். பாதிப் பேருக்குச் சிவப்பு மூடி டப்பா, மீதிப் பேருக்கு வெள்ளை. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மாவு மாத்திரை. எதில் எது என்பது அவருக்கே தெரியாது. சென்னையில் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

மலைமேல் அரியூர் நாட்டு ஊர்களில் காட்டுப்பன்றி அடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துப் பங்கு வைப்பார்கள். அவர்களிடம் போய் இரண்டு நிற மூடியா? எல்லா மாத்திரையையும் ஒரே சட்டியில் கொட்டிக் கலந்து, சமமாகப் பிரித்துத் தின்றுவிட்டார்கள்.

"ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு வேறன்னா நல்லாவாங்க இருக்கு?" என்று சிரித்தாள் சட்டிக்குச் சொந்தக்காரி. அத்தனை மாத உழைப்பும் பாழ். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கீழேயிருந்து வந்த அதிகாரி, "கிடைச்சத எழுதி அனுப்புங்கம்மா, எவன் மலையேறி வந்து பாக்கப்போறான்?" என்றார். டாக்டரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரைக் கூட்டினார்.

"ஒரு டப்பாவுல வெறும் மாவு. முன்னாடியே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது. மறுபடியும் முதல்லேர்ந்து செய்யணும். நடுவுல யாருக்காவது முடியாமப் போனா கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

கூட்டம் கொதித்தது. "மாவக் குடுத்தா ஏமாத்துனீங்க?" என்று ஒருவர் எழுந்தே விட்டார். இன்னொருவர், "அந்த மருந்தாச்சும் கேக்குமுங்களா?" என்றார்.

"தெரியாதுங்க. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

எந்த டாக்டர் வாயிலிருந்தும் 'தெரியாது' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. இவர்கள் மாட்டேன் என்றால் அத்தோடு எல்லாம் முடிந்தது. ஆனாலும் ஒரு பொய் சொல்லத் தோன்றவில்லையே அந்த அம்மாவுக்கு! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சட்டிக்காரி எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை. முழுகாமல் இருந்த தன் மகளைக் கைபிடித்து அழைத்துவந்து டாக்டரம்மா முன்னால் நிறுத்தினாள்.

"கலக்க மாட்டோமுங்க. இவளுக்கு மாவே வந்தாலும் சரி. இவ பெக்கற பொண்ணுக்காச்சும் தெரிஞ்சிருக்கட்டும்."