அலுமாரிக்குப் பின்னால் ஒட்டிய அறிவித்தல்

கடல் கடந்து நெய் அனுப்புகிறவர்கள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்வர வேண்டும். நான் போனது மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். கோபத்தோடு போனேன், அதைவிடக் கூடுதல் கோபத்தோடு திரும்பினேன்.

காரணம் அன்னப்பிள்ளை அக்கா. சுன்னாகத்தில் எங்கள் பக்கத்து வளவில் ஆறு பசு வைத்திருக்கிறார். பினாங்கில் நம்மவர் ஒருவரின் கடைக்கு அவர் அனுப்பிய பன்னிரண்டு தகரம் நெய்யும் கரையிறங்காமல் திரும்பி வந்துவிட்டன. தகரத்தின் மேல் செய்தவர் பெயர், எடை, எந்தப் பாலில் எடுத்தது என்ற விபரம் எழுதியிருக்க வேண்டுமாம். புது விதி. இரண்டு மாதம் கப்பலிலும் வெயிலிலும் கிடந்த நெய் காறிப்போயிருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. நான் உடுவில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு அவருடன் கிளம்பினேன்.

காலை ஏழு இருபதுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, ஆளுக்குப் பதினெட்டுச் சதம். ஆறு மைலுக்கு அரை மணித்தியாலம். வெங்காயக் கடகங்களோடு சனம் ஏறும். இடம் பிடிக்க முன்னதாகவே போங்கள். ஸ்டேசனிலிருந்து அலுவலகம் நடை தூரந்தான். ஒன்பதுக்குத் திறக்கும் என்று கதவில் எழுதியிருக்கிறது. கிளாக்கர் வந்தது ஒன்பது நாற்பதுக்கு.

வெளிநாட்டு விதிகளை ஏற்றுமதிக்காரருக்குச் சொல்வதற்கென்றே திறந்த அலுவலகம் அது. பெயரை எழுதிப் பெருமை சேர்க்க எனக்கு மனமில்லை. அக்கா நடந்ததைச் சொல்லி முடித்தார். கிளாக்கர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐஞ்சு மாசத்துக்கு முன்னமே ஒட்டிப்போட்டம்."

எங்கே என்று கேட்டேன். பேனாவால் காட்டினார். விறாந்தைக் கோடியில் ஓர் அலுமாரி, அதன் பின்னால் ஒரு பலகை, அதில் பொடி எழுத்தில் ஆங்கில அறிவித்தல். தலையைச் சரித்துத்தான் வாசிக்க முடிந்தது.

"உதைத் தமிழிலை ஆருக்கும் சொல்லேல்லையோ?" என்றேன்.

"ஒட்டிறது எங்கடை வேலை. வாசிக்கிறது உங்கடை வேலை."

நான் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். அனுமதியில்லாமல் பிரதி எடுக்கக்கூடாது என்று அவர் எழும்பி வந்தார். அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"பிள்ளை எழுதட்டும், ஐயா. என்ரை நெய் பழுதாப்போச்சு. இனி வேறை ஆற்றை நெய்யும் பழுதாகக்கூடாது."

குரல் உயரவில்லை. கிளாக்கர் திரும்பிப் போய் இருந்துவிட்டார்.

முதல் தாளுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. அடுத்த மாதம் முதல் பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் வரும் நெய் பினாங்கில் இறக்கப்படாது என்றது. வாசித்துச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. மானிப்பாய்க் கந்தையா அண்ணை வெள்ளிக்கிழமைக் கப்பலில் பினாங்குக்கு நாற்பது தகரம் அனுப்பப்போகிறார், போய்ச் சேர அடுத்த மாதமாகிவிடும். அத்தனையும் பழைய தகரம்.

வீட்டுக்குத் திரும்பவில்லை. பன்னிரண்டு பத்துக்குப் புறப்பட்ட பஸ்ஸில் மானிப்பாய்க்குப் போனோம். ஐந்து மைல், பத்துச் சதம். அண்ணை அப்போது கடைசி மூடிகளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் கொப்பியை வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றுவிட்டு, பற்றவைத்த மூடிகளை ஒவ்வொன்றாக வெட்டித் திறந்தார். அந்தக் கப்பலை விட்டுவிட்டுப் புதுத் தகரத்தில் மாற்றி, விபரம் எழுதி, அடுத்ததில் அனுப்பினார். நாற்பதும் கரையேறின. அக்காவின் பன்னிரண்டு தகரமும் கோயில் விளக்குக்குப் போயின. அவருக்கு யாரும் ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

போகிறவர்கள் பென்சிலும் கொப்பியும் கொண்டுபோங்கள். தனியே போகாதீர்கள். மேல் தாளை மட்டும் பார்த்துவிட்டு வராமல் கீழே உள்ளதையும் தூக்கிப் பாருங்கள்.

அறிவித்தல்களைத் தமிழிலும் போடச் சொல்லி, முப்பத்தொரு பேர் கையெழுத்து வைத்துத் தமிழில் ஒரு விண்ணப்பம் அனுப்பினோம். ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அதை அக்காவுக்கு நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது, ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.