மூன்றாம் மாடி மரத்தரையின் கீறல்கள்

பம்பரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ குடித்தால் நின்றபடி, போன் பேசினால் நடந்தபடி. வயது ஐம்பத்திரண்டு. சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினொரு வருடமாகத் துப்புரவு வேலை. அந்தப் பட்டப்பெயரை வைத்தது வாசல் செக்யூரிட்டி. "அந்தம்மாவைச் சுத்தக் கயிறே வேணாம், தானா சுத்தும்" என்பார்.

அந்தக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் ஒரு மீட்டிங் ஹால். இரண்டு வருடம் முன்பு பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு மரத்தரை போட்டார்கள். மரம் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் இல்லை, அசல் மரம். பலகை போட்ட ஆட்கள் கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார்கள். தண்ணீரை ஊற்றாதே, பலகை உப்பிக்கொள்ளும். மண்ணை உள்ளே விடாதே, கீறிவிடும். முதலாவது பம்பரத்துக்குச் சொன்னது. இரண்டாவது அந்த ஹாலுக்குள் வரும் எல்லாருக்கும் சொன்னது. நிர்வாகம் இரண்டையும் பம்பரத்தின் தலையிலேயே கட்டியது. நிர்வாகம் எங்கேயும் அப்படித்தான் செய்யும்.

அவர் மேனேஜரிடம் போய்க் கேட்டார்.

"சார், ஹால் வாசல்ல ஒரு ஷூ ஸ்டாண்டு வெச்சிடலாம். கழட்டிட்டு உள்ள வரட்டும்."

"இது ஆபீஸ்மா, உங்க வீடில்ல. வர்ற கஸ்டமர்கிட்ட ஷூவைக் கழட்டுன்னு சொல்ல முடியுமா?"

"கஸ்டமரை விடுங்க சார். நீங்க கழட்டுங்க மொதல்ல."

மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்துவிட்டது. அவர் மாடியேறிப் போனபிறகு செக்யூரிட்டி காதோடு சொன்னார்: "அவர் கழட்ட மாட்டார்மா. சாக்ஸ்ல ஓட்டை இருக்கும். பந்தயம் கட்டட்டுமா?"

ஷூ ஸ்டாண்டு வரவில்லை. தூசியை உலர்வாக இழுக்கும் பட்டை மாப்பு ஒன்று கேட்டார், அதுவும் வரவில்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "பளபளப்பு போதலையே" என்ற பேச்சு மட்டும் தவறாமல் வந்தது.

அதனால் அவரே ஒரு வழி செய்துகொண்டார். அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். பழைய கம்பளியை வெட்டி, ஓரத்தை உள்பக்கமாக மடித்து, இரண்டு கால்களுக்கும் உறை தைத்துக் கொடுத்தார். "மகாராணிக்குக் கம்பளிச் செருப்பு" என்று கிண்டலும் செய்தார். காலையில் பெருக்கி முடித்ததும் பம்பரம் அந்த உறைகளை மாட்டிக்கொள்வார். வலது காலை ஒரு வீச்சு, இடது காலை ஒரு வீச்சு. அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து ஹால் முழுவதையும் தேய்ப்பார். அரை மணி நேரத்தில் தரை மின்னும். ஆபீஸ் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பம்பரத்துக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஒன்றரை வருடம் இப்படிப் போனது.

பிறகு ஒருநாள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போடும் பூச்சுக்காகப் பலகை ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் முட்டி போட்டுக் குனிந்து பொடிக் கீறல்களைக் காட்டினான். "யாருங்க இதைக் கம்பிச் சுருள் போட்டுத் தேய்ச்சது? சுரண்டி எடுக்கணும். முழு ஹாலும்."

அன்று மதியமே பம்பரத்துக்கு மெமோ வந்தது. கவனக்குறைவால் நிர்வாகத்தின் சொத்துக்குச் சேதம். மூன்று நாளில் பதில். ஐந்தாம் நாள் விசாரணை. பதில் திருப்தி இல்லையென்றால் பணிநீக்கம்.

பதினொரு வருட வேலை. இந்த வயதில் வெளியே போனால் இன்னொரு கம்பெனி சேர்த்துக்கொள்ளாது. வீட்டுக்காரருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, ஊசியில் நூல் கோர்க்கவே பம்பரம் வேண்டும். வேலை போனால் வீடு நிற்காது.

மெமோவோடு என்னிடம் வந்தார். சங்க வேலையை விட்டு நான் விலகிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் மெமோ வந்தவர்கள் என் வீட்டுக்கு வழி மறப்பதில்லை. ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். ஷூ ஸ்டாண்டு கேட்டது, மாப்பு கேட்டது, எந்தெந்தத் தேதியில் கேட்டது எல்லாம் அதில் இருந்தது. கீறல்களுக்கு முழுக் காரணம் ஷூக்களே, எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று முடித்தேன். பழக்கப்பட்ட கை. ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தேன். அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனார். காலை வெயில் ஹாலில் சாய்வாக விழும் நேரம். கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு பார்த்தார். நேராகக் குனிந்தால் தெரியாதது அப்போது தெரிந்தது. கீறல்கள் நேர்க்கோடாக இல்லை. நடக்கிறவன் கீறினால் போகிற பக்கம் பார்த்து இழுத்திருக்கும். இவையெல்லாம் பிறை மாதிரி வளைந்திருந்தன. வலதுபக்கம் ஒன்று, இடதுபக்கம் ஒன்று, வரிசை வரிசையாக. சரி, மேஜைப் பக்கம்தான் இப்படி என்று நினைத்து ஜன்னல் மூலைக்குப் போனார். அங்கே பெரிய திரைச்சீலை. அதன் பின்னால் யாரும் போவதில்லை, போக வேண்டிய வேலையும் இல்லை. அங்கேயும் பிறைகள்.

எழுந்து நின்று வலது காலை ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். கால் அந்தக் கோட்டிலேயே போனது.

உறையைக் கழற்றி மடிப்பைப் பிரித்தார். தையல்காரர் உள்ளே மடித்திருந்த ஓரத்தில் மணல் அடைந்திருந்தது. கண்ணாடித் தூள் மாதிரி மினுங்கியது. தினமும் உதறித் துவைத்திருக்கிறார். மடிப்புக்குள் இருந்தது உதறலுக்கு வரவில்லை.

வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்காரர் கடைக்குப் போய்த் தையல் மெஷின் மேல் அந்த மணலைக் கொட்டினார்.

"என்னாது இது?"

"நீங்க தெச்ச மகாராணிச் செருப்புல இருந்தது."

தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். "மடிக்காம விட்டா நூல் பிரியும்னு மடிச்சேன். நல்லதுக்குத்தான்."

"நான் மட்டும் கெட்டதுக்கா தேய்ச்சேன்?"

"இப்ப என்ன பண்ணப் போற? உறையை அடுப்புல போட்டுட்டுப் பேசாம இரு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

"உனக்குத் தெரிஞ்சா போதும்டி. ஆபீஸுக்கு எதுக்கு?"

அங்கிருந்து கிளம்பி என் வீட்டுக்கு வந்தார். வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்துகொண்டே பேசினார். "அண்ணே, அந்தக் கடுதாசியைத் திரும்ப வாங்கணும்."

"கொடுத்ததைத் திரும்ப வாங்குறதா? வேலையை விடுறதுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது."

"அந்த மூலையில எந்த ஷூ போச்சுன்னு கேட்டா என்னண்ணே சொல்றது?"

"கேக்க மாட்டாங்க. கேட்டா எலின்னு சொல்லு."

"எலி பிறை பிறையாப் போடுமா?"

"இந்தாம்மா, நிர்வாகம் ஒரு நாளாவது தான் செஞ்ச தப்பை எழுதிக் கொடுத்திருக்கா? நீ மட்டும் எதுக்குக் கொடுக்கணும்?"

அவர் நடந்துகொண்டே இருந்தார். தலை சுற்றியது எனக்குத்தான்.

ஐந்தாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், நாற்பது வயதுப் பெண். மேனேஜர் ஒரு பக்கம். பம்பரத்துக்குத் துணையாக நான். சாட்சிக்குச் செக்யூரிட்டி. நாற்காலி போட்டிருந்தும் பம்பரம் உட்காரவில்லை. மேனேஜர் என் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தார். ஏழாவது வரிக்கு வந்தபோது பம்பரம் குறுக்கே பேசினார்.

"மேடம், மேல வாங்க. வந்து பாத்துட்டுப் படிங்க."

நான் முழங்கையால் இடித்தேன். அவர் படியேறிவிட்டார்.

ஹால் வாசலில் கதவை மறித்து நின்றுகொண்டார். "ஷூவைக் கழட்டிட்டு வாங்க."

அதிகாரி சட்டென்று கழற்றினார். நானும் கழற்றினேன். மேனேஜர் நின்றார், ஷூ நாடாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வேறு வழியில்லை. இடது காலின் ஷூ கழன்றதும் சாக்ஸிலிருந்து பெருவிரல் முழுசாக வெளியே வந்து நின்றது. செக்யூரிட்டி கூரையைப் பார்த்துக்கொண்டார்.

பம்பரம் கம்பளி உறையை மாட்டிக்கொண்டு, எல்லாரையும் தரையோடு தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு வீச்சு வீசினார். "பாத்தீங்களா? கோடு என் காலோட போகுது. திரைச்சீலைக்குப் பின்னாடியும் இருக்கு. இதெல்லாம் நான் போட்டது மேடம்."

போச்சு என்று நினைத்தேன். மேனேஜர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "அப்ப ஒத்துக்கறீங்க?"

"இருங்க சார், இன்னும் முடியல." ஒரு பாலிதீன் பையை எடுத்து நீட்டினார். "நேத்து சாயங்காலம் இந்த ஒரு ஹால்ல அள்ளினது. ஒரே ஒரு நாள் மண்ணு. நான் வீட்டுல இருந்து கொண்டு வரல. நான் வெறுங்கால்ல வர்றவ. உங்க ஷூ கொண்டு வந்துது, என் உறை அதை மூலை மூலையாக் கொண்டு போச்சு. மாப்பு கேட்டேன், வரல. பளபளப்பு கேட்டீங்க, கொடுத்தேன்."

அதிகாரி பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாப்பு கேட்டு எழுதினீங்களா?"

"மூணு தடவை."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். "வந்துச்சா உங்களுக்கு?" மேனேஜர் பெருவிரலை மடக்கிக்கொண்டு, வந்தது என்று தலையாட்டினார்.

கீழே போகவில்லை. அங்கேயே பேசி முடித்தார்கள். பணிநீக்கம் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் உண்டு. கம்பளி உறை கூடாது. பலகையைச் சுரண்டிப் புதுப் பூச்சுப் போட்டதும் ஹாலுக்குள் யாரும் ஷூவோடு வரக்கூடாது. மேனேஜர் கீழே போய் எச்சரிக்கைக் கடிதத்தை டைப் செய்து கொண்டுவந்தார். எனக்கு மூச்சு வந்தது. வேலை நிலைத்துவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

பம்பரம் தாளை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். நடந்துகொண்டே ஒருமுறை படித்தார். திரும்பி வந்து இன்னொருமுறை படித்தார்.

"இதுல மண்ணைக் காணோமே."

"என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"உறையைப் போட்டுத் தேய்ச்சுச் சேதம் பண்ணாங்கன்னு இருக்கு. சரிதான், நான் பண்ணேன். தேய்ச்சது எதை? மண்ணை. அது எங்கிருந்து வந்துச்சு? இதுல இல்ல. கேட்ட மாப்பு எங்க? அதுவும் இல்ல."

"அதெல்லாம் வாயால பேசியாச்சேம்மா."

"என் தப்பு மட்டும் எழுத்துல, உங்க தப்பு வாயிலயா?"

நான் மெதுவாக, "போட்டுடும்மா, வேலை மிஞ்சிடுச்சுல்ல" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றார்.

அதிகாரி சாக்ஸோடு ஜன்னலோரம் நின்று வாட்சைப் பார்த்தார். பிறகு, "சேர்த்து எழுதிட்டு வாங்க சார்" என்றார். மேனேஜர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் பம்பரம் திரைச்சீலைக்கும் கதவுக்கும் நடையாக நடந்தார். ஒருவேளை மேனேஜர் போனில் யாரையாவது பிடித்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவாரோ என்று நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதையே நினைத்திருப்பார். ஆனால் அவர் போய் முதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

புதுத் தாள் வந்தது. வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாலாவது வரியில் நின்றார். "ஷூக்களில் வந்த மண்" என்று இருந்தது. ஐந்தாவதில் "மூன்று முறை கோரியும் வழங்கப்படாத மாப்பு."

தாளைச் சுவரில் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.