வடக்குச் சரிவில் வெயில்

ஒரு கூரையைக் கணினியில் வேய்ந்து முடிக்கப் போடிலுக்கு இரண்டு வாரம் ஆகும். எனக்கு அரை மணி நேரம் போதும். எங்கள் அலுவலகத்தில் வேகம் யாருடையது என்று கேட்டால் எல்லோரும் என்னைக் காட்டுவார்கள். யாருடைய கூரை நல்ல கூரை என்று கேட்டால் நானே அவளைக் காட்டிவிடுவேன். வேறு வழியில்லை.

கட்டப்போகிற வீடு கட்டி முடித்த பின் எப்படி இருக்கும் என்று படம் செய்து தருவது எங்கள் தொழில். கூரை என்றால் நான் ஒரு சரிவான பலகையைப் போட்டு, அதன் மேல் ஓட்டின் புகைப்படத்தை ஒட்டிவிடுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. போடில் அப்படிச் செய்ய மாட்டாள். ஓட்டைத் தனித்தனியாகச் செய்வாள். பதினோரு மாதிரி ஓடுகள் வைத்திருக்கிறாள். ஒன்று லேசாக முறுக்கியிருக்கும், ஒன்றின் மூக்கு தூக்கியிருக்கும். அவற்றைக் கலைத்துப் போட்டு, வரிசை வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கொண்டு போவாள். நான் செய்த கூரையைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது.

"ஆக்செல், இது கூரையா, மேஜை விரிப்பா?"

"வீடு கேட்டாங்க, குடுத்தேன். ஓட்டுக்கு ஜாதகமா கேட்டாங்க?"

"கேக்க மாட்டாங்க. நாமதான் பார்க்கணும்."

இந்தத் திமிருக்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருடம் ஓட்டுச் சூளையில் தரம் பிரித்தவள். ஆயிரம் ஓட்டில் ஒன்றுகூட நேராக இருக்காது என்பது அவள் வேதவாக்கு. முதுகு பிடித்துக்கொண்டபோது வயது நாற்பத்தைந்து. சூளையை விட்டுவிட்டு இந்த மென்பொருளைப் படிக்க உட்கார்ந்தாள். இந்த வயதில் வருமா என்று கேட்டவர்களுக்கு, "ஓடு தூக்கின கைக்கு மவுஸ் என்ன கனமா?" என்று பதில் சொன்னாள். இப்போது ஐம்பத்தெட்டு. அவள் பெயர் போட்ட படம் என்றால் எங்கள் ஊர் அசென்ஸ் நகராட்சியில் மறுகேள்வி கிடையாது.

போன வருடம் ஜூனில்தான் அந்தப் பெயருக்குச் சோதனை வந்தது. மெரெத்தெ என்ற பல் டாக்டர் துறைமுகச் சரிவில் வீடு கட்ட மனை வாங்கியிருந்தார். கூரைக்குக் கண்ணாடிப் பூச்சு போட்ட கறுப்பு ஓடு. கராஜை முந்தின இலையுதிர் காலத்திலேயே அதே ஓட்டில் கட்டி முடித்தாயிற்று. வீட்டுக்கு அனுமதி கேட்டபோது பக்கத்து வீட்டு எய்னார் நகராட்சிக்கு மனு எழுதிவிட்டார். கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்கால வெயில் அந்த ஓட்டில் பட்டுத் தன் ஜன்னலுக்குள் வந்து கண் கூசும் என்பது மனு. எங்கள் ஊரில் பளபள ஓட்டால் வருகிற பகை சாமானியமில்லை. முப்பது வருடம் ஒன்றாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்கள்கூடப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். கூசாது என்று படத்தில் நிரூபித்தால்தான் அந்த ஓடு, இல்லாவிட்டால் வேறு ஓடு என்று நகராட்சி சொல்லிவிட்டது.

மெரெத்தெ எங்களிடம் வந்தார். இந்த வேலை நன்றாக முடிந்தால் அவருடைய மூன்று புது கிளினிக்குகளின் படமும் எங்களுக்கு. முதலாளி மோன்ஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முதலில் நான் செய்தேன். எய்னாரின் ஜன்னலிலிருந்து, மணிக்கு ஒரு படம். ஒரு பொட்டு வெயில்கூட இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம், போடிலைத் தவிர. "ஓட்டை இஸ்திரி போட்டு வச்சுட்டு வெயிலைத் தேடினா எங்கேயிருந்து கிடைக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தானே வேய ஆரம்பித்தாள். வீட்டுக்கு ஒன்று, கராஜுக்கு ஒன்று. பிறகு சூரியனைக் காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை, ஐந்து ஐந்து நிமிடமாக நகர்த்தினாள். ஜன்னலை மட்டும் பார்க்காமல் தெரு முழுக்கப் பார்த்தாள்.

எய்னாருக்கு ஒன்றுமில்லை. சாயங்கால வெயில் ஓட்டில் பட்டு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. வினை இருந்தது வடக்குச் சரிவில். வெயிலே படாது என்று யாரும் கணக்கில் எடுக்காத பக்கம் அது. கோடையில் நடுப்பகல் சூரியன் உயரத்தில் நிற்கும்போது முகட்டைத் தாண்டி அந்தச் சரிவில் விழுந்து, அங்கிருந்து வடக்கே இருக்கும் மேட்டை நோக்கித் தெறிக்கிறது. ஓடெல்லாம் நேராக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் கடந்துபோகும். கோணல் ஓடுகள் ஒன்று மாற்றி ஒன்றாக, ஒன்று பத்திலிருந்து ஒன்றரை வரை அடிக்கின்றன. மேட்டில் இருப்பது குழந்தைகள் காப்பகம். மதியச் சாப்பாடு முடிந்து, எங்கள் ஊர் வழக்கப்படி பிள்ளைகள் வெளியே தள்ளுவண்டிகளில் தூங்கும் நேரம்.

"நகராட்சி கேட்டது எய்னார் ஜன்னலை," என்றார் மோன்ஸ். "அதை மட்டும் குடு. கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்?"

"படத்துக்குக் கீழ என் பேர் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப எய்னார் ஜன்னல், காப்பகம், ரெண்டு படமும் போகும்."

"மூணு கிளினிக் போயிடும், போடில்!"

நான் மோன்ஸ் பக்கம்தான் இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். போடில் போனை எடுத்துக் காப்பகத்து ரிக்கெயைக் கூப்பிட்டு, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"பிள்ளைங்க எல்லாம் நல்லாத் தூங்குதா?"

"அதை ஏன் கேக்கறே! போன வருஷமெல்லாம் ரெண்டு மணி வரைக்கும் தூங்கும். இந்த மே மாசத்துலேருந்து ஒண்ணேகாலுக்கே ரெண்டு பேர் முழிச்சுக் கத்த, மத்ததும் சேர்ந்துக்குது. மேகம் போட்ட அன்னிக்குத்தான் நிம்மதி. பசிதான்னு நெனச்சுக் கஞ்சியைக் கூட்டிட்டோம்."

மோன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேதி கேட்ட மெரெத்தெ அரை மணியில் வந்து நின்றார்.

"என் காசுல எனக்கே குழி வெட்டறீங்களா? வடக்குப் பக்கம் எங்கேயாவது வெயில் வருமா?"

"நாளைக்கு வெயில் அடிக்குமாம். ஒரு மணிக்குக் காப்பகத்துக்கு வாங்க," என்றாள் போடில். "இப்ப நிக்கறது கராஜ் மட்டும், அதுவும் சின்னது. அதனால வரிசையில மூணாவது வண்டி, நாலாவது வண்டி மட்டும்தான். முதல்ல நாலாவது, ஒண்ணு பத்துக்கு. தப்பாப் போச்சுன்னா அந்தப் படத்தைக் கிழிச்சுடலாம். நானும் வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

அன்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் நன்றாகத் தூங்கியிருப்பாள்.

மறுநாள் காப்பகத்தில் ஒன்பது வண்டிகள் தெற்கைப் பார்த்து வரிசையாக நின்றன. தலைக்கு மேல் வெயில் படாமல் எல்லாவற்றுக்கும் மூடி இழுத்துவிட்டிருந்தது. யாரும் கூப்பிடாமலேயே எய்னார் மடக்கு நாற்காலியோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். அவர் ஜன்னலுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொன்னபோது, "அப்ப நான் மனு எழுதினது நல்லதாப் போச்சு, பார்த்தியா?" என்றார்.

ஒன்று ஐந்து. ஒன்றுமில்லை. மெரெத்தெ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு போடிலைப் பார்த்தார். போடில் கையைக் கட்டிக்கொண்டு நாலாவது வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று பதினொன்றுக்கு நாலாவது வண்டிக்குள் வெளிச்சம் வந்தது. மேலிருந்து அல்ல, மூடிக்குக் கீழே, முகத்துக்கு நேராக. உள்ளே தூங்கிய குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரண்டது. மெரெத்தெ கராஜ் பக்கம் திரும்பினார். திரும்பின வேகத்தில் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். குழந்தை அழத் தொடங்கியது.

அவர் யோசிக்கவில்லை. போய் வண்டிக்கு முன்னால் நின்றார். நிழல் விழுந்தது, அழுகை நின்றது. அதற்குள் மூன்றாவது வண்டியில் சிணுங்கல். கோட்டைக் கழற்றி, துணி உலர்த்துகிறவர் போல இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். உதவப் போன என் சட்டையைப் போடில் பிடித்து இழுத்தாள். "விடு," என்றாள். அவ்வளவுதான்.

ஒன்றரை வரை மெரெத்தெ கையை இறக்கவில்லை. கடைசியில் தோள் நடுங்கியது. வெளிச்சம் நகர்ந்து வேலிக்கு அப்பால் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஒன்பது பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

பிறகு கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போடிலிடம் வந்தார். குழந்தைகள் விழித்துவிடாதபடி மெதுவாகக் கேட்டார்.

"வீடும் வந்துட்டா ஒன்பது வண்டியும், இல்லையா?"

"ஒன்பதும்."

"எனக்கு ரெண்டு கைதானே இருக்கு," என்றார் மெரெத்தெ. "ரெண்டு படத்தையும் அனுப்பிடுங்க."