நீங்க எந்த ஊரு?

லாட்ஜ் ரிசப்ஷனில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று பயமுறுத்தினார்கள். எனக்குப் பிடித்துக்கொண்டது அடுத்தவர் பேச்சு.

கன்னியாகுமரிக்கு எந்த ஊர்க்காரர்தான் வருவதில்லை? ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்ததுமே போன் போட்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். அவர்கள் எந்த இழுப்பில் கேட்டார்களோ அதே இழுப்பில் என் வாய் பதில் சொல்லிவிடும். நான் பக்கத்திலேயே இருக்கிற கொட்டாரத்தின் அசல் ஊர்க்காரி. ஆனால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. மேலதிகாரி போன் வந்ததும் குரல் மாறுகிறவர்களே, கல்யாணமான ஆறாம் மாதம் மாமியார் மாதிரியே பேச ஆரம்பித்தவர்களே, வந்து பக்கத்தில் உட்காருங்கள். நமக்கெல்லாம் ஒரே வியாதிதான்.

கழுத்து சுளுக்கிய காலை

சூரிய உதயம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ரூம் காலி செய்ய வருவார்கள். அன்றைக்கு மேசையின் இடது பக்கம் திருமங்கலத்துக்காரர், வலது பக்கம் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா. முந்தின நாள் இரண்டு பேருமே தனித்தனியாக, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் "பக்கந்தான்" என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லையே! அவர் அதை விருதுநகர் என்று எடுத்துக்கொண்டார், அந்த அம்மா பாறசாலை என்று எடுத்துக்கொண்டார். அதற்கு நான் என்ன செய்ய?

இப்போது இரண்டு பேரும் ஒன்றாக நிற்கிறார்கள். இடது பக்கம் திரும்பி, "சாவியக் குடுங்கண்ணே, டிபன் சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றேன். வலது பக்கம் திரும்பி, "சேச்சி, பேகெல்லாம் எடுத்தோ?" என்றேன். மறுபடி இடது, மறுபடி வலது. திருமங்கலத்து அண்ணன் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார். மாடிப்படியில் வாளியோடு நின்றிருந்தார் வேலப்பண்ணன். ரூம் சுத்தம் பார்க்கிறவர், கவர்னரே வந்தாலும் ஒரே பேச்சுதான் பேசுவார். அவர்கள் போகும் வரை பொறுத்திருந்து இறங்கி வந்தார்.

"ஏ பிள்ளே, ஒனக்க அம்மை ஒன்ன நாலு ஊர்லயா பெத்துப் போட்டா?"

சார்ஜாவிலிருந்து வந்த போன்

என் வீட்டுக்காரர் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். சூப்பர்வைசரிடம் இந்தி, ரூமில் மலையாளம் என்று ஓடுகிற பிழைப்பு. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுத்தான் ஊர்ப்பேச்சு பேசி நாக்கை ஆற வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பன்னிரண்டு காலேஜ் பையன்கள் வந்து இறங்கியிருந்தார்கள். எக்ஸ்ட்ரா பெட், வைஃபை பாஸ்வேர்டு, பீச்சுக்கு ஆட்டோ என்று ஒரு மணி நேரம் அவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு போனை எடுத்தேன். "ஹாங், சொல்லுப்பா. சாப்ட்டியாப்பா? ஒரே டென்ஷன்பா இங்க" என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன்.

"ஏட்டி, நான் தாலி கட்டுனது கொட்டாரத்துக்காரிக்கு. நீ ஆரு?"

கருத்துப் புத்தகம்

இதுவரைக்கும் சிரிப்புதான். வினை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தது, ஒரு தம்பதியாக. அவர் வாயைத் திறக்காதவர். அந்த அக்கா வாயை மூடாதவர். மூன்று நாளும் ரிசப்ஷன் சோபாவே கதி என்று கிடந்தார். "சித்த வெந்நி வேணுமுங்க கண்ணு" என்பார். "கொண்டாரச் சொல்றனுங்க அக்கா, நீங்க உக்காருங்க" என்பேன். தென்னைக்கு வந்த நோயிலிருந்து மருமகள் வைக்கிற ரசம் வரைக்கும் பேசி முடித்தோம். அவர் வீட்டுக்காரர் மட்டும் செய்தித்தாளுக்கு மேலே தலையைத் தூக்கி என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். போகும்போது கருத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார்: 'வரவேற்பில் உள்ள பெண் எங்களைப் போலவே பேசிக்காட்டிக் கேலி செய்கிறார்.'

சாவி மாட்டுகிற மூலையில் நின்று அழுதுவிட்டேன். கேலியா? தூரத்திலிருந்து களைத்து வருகிறவரை, அவர் பேச்சிலேயே பாதி வழி போய் எதிர்கொண்டு கூட்டி வருகிறேன். எனக்குத் தெரிந்த உபசாரம் அது ஒன்றுதான். அதைப் போய்க் கேலி என்று எழுதினால் வலிக்காதா? ஆனால் என் நியாயம் முதலாளிக்கு எதற்கு? மாடியில் துணி அறை இருக்கிறது. நாள் முழுக்க பெட்ஷீட் மடிக்கிற வேலை. அங்கே மனித முகமே தென்படாது. மனிதர்களைப் பார்க்காமல் ஒரு நாள் உட்காரச் சொன்னால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். முதலாளி புத்தகத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு மூடினார்.

"இனி நியூஸ் வாசிக்கிறவ மாதிரி பேசு. இன்னொரு புகார் வந்துதுன்னா நேரே மாடிக்குப் போய் பெட்ஷீட் மடக்கு."

பத்து நாள் செய்தி வாசிப்பு

வாசித்தேன். "வணக்கம். தங்களுக்கு எத்தனை அறைகள் தேவைப்படுகின்றன?" என்று கேட்டேன். "மின்தூக்கி தங்களுக்கு வலப்புறம் உள்ளது" என்று கை காட்டினேன். வந்தவர்கள் என்னை ஏதோ அறிவிப்புப் பலகையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, வலப்புறம் எது என்று வேலப்பண்ணனிடம் போய்க் கேட்டார்கள். யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத நாள் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஏழாம் நாள் எங்கள் கொட்டாரத்திலிருந்தே ஆள் வந்தார். அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா. மகள் கல்யாணத்துக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் பார்க்க வந்திருந்தார். முதலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்வேன்? எழுந்து நின்று, "வணக்கம். தங்கள் வருகைக்கு நன்றி. அமருங்கள்" என்றேன். சித்தப்பா உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"மக்களே, வீட்டுல ஆராவது மரிச்சுப் போனாவளா? சொல்லு, ரூமு பெறவு பாக்கலாம்."

ஸ்பீக்கரில் வந்த குரல்

பத்தாம் நாள் காலை. நான் ஒழுங்காகப் பேசுகிறேனா என்று கேட்பதற்காக, வருகிற போனை எல்லாம் முதலாளி ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தார். மணி அடித்தது. "வணக்கம், தாங்கள் யார் பேசுகிறீர்கள்?" என்றேன்.

"ஏனுங்க, லாட்ஜ்தானுங்களா? அங்க எங்கூருப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சுங்களே, அதுகிட்டக் குடுங்க" என்றது குரல். பொள்ளாச்சிக்காரர்! இரண்டாம் புகார் முதலாளியின் காதிலேயே விழப்போகிறது, நான் மாடிக்குப் போகவேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அந்தப் பெண் குறித்துத் தங்களுக்கு ஏதேனும் புகார் உள்ளதா?" என்று கேட்டேன்.

"புகாரெல்லாம் முன்னமே எழுதித் தொலைச்சுட்டனுங்க. அதுக்கு என்ற சம்சாரம் ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் என்றகூடப் பேசலீங்க. அந்தப் புள்ள வாயில நம்ம பேச்சு வந்தா உங்களுக்கு எங்க நோவுதுன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலீங்க. இப்ப சொந்தக்காரங்களோட வாரோம், ஆறு ரூம் வேணும். அந்தப் புள்ள இருந்தாத்தான் அங்க தங்குவாளாமா."

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டதால் பொள்ளாச்சிப் பேச்சும் வரவில்லை, செய்தித் தமிழும் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அவர், "ஏனுங்க, இல்லீங்களா? அப்ப வேற எடம் பாக்கறனுங்க" என்றார். ஆறு ரூம் கைவிட்டுப் போகிற அந்த நொடியில் முதலாளி பாய்ந்து வந்து போனைப் பிடித்தார். நாகர்கோவில் பேச்சைத் தாண்டி ஒரு வார்த்தை மாற்றிப் பேசியறியாத முதலாளி! "இருக்குதுங்கண்ணா, இங்கயேதானுங்க இருக்குது! சித்த இருங்க, குடுக்கறனுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேலப்பண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டார். ஸ்பீக்கரிலிருந்து பொள்ளாச்சிக்காரர் சந்தோஷமாகக் கேட்டார்:

"அட, நீங்களும் நம்மூருங்களா?"

இந்த வியாதி எங்கள் லாட்ஜில் இப்போது இரண்டு பேருக்கு இருப்பதால், பெட்ஷீட் மடிக்க இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.