குள்ளஞ்சாவடிச் சுண்டல்

துரைராஜுக்கு நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஒட்டும் வேலை. ஷிப்டு இல்லாத நாளில் ஸ்கூட்டரில் தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார். கிரகணம் என்றால் ஒரு தூக்குச் சுண்டலும் கூடப் போகும். கிரகணம் பிடித்திருக்கும்போதே கர்ப்பிணிகளை வெளியே அழைத்து, நிலவைக் காட்டி, அவர்களோடு உட்கார்ந்து தின்பார். மாவட்டத்து அறிவியல் சங்கம் ஒன்று அதற்காகவே அவருக்கு விருது அறிவித்தது.

இந்த மார்ச் கிரகணத்தின்போது குள்ளஞ்சாவடிக்குப் போயிருந்தார். ஓரம் கடித்தாற்போல நிலா எழுந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி சண்முகப்பிரியா வாசல்வரை வந்துவிட்டாள். மாமியார் கலியம்மாள் கதவை மறித்து நின்றார்.

"ஊரான் வூட்டுப் புள்ளைன்னா நல்லாத்தான் சார் சொல்லுவீங்க. உங்க பொண்ணுன்னா வெளிய வுடுவீங்களா?"

"எம் பொண்ணு வினோலியாவும் மாசமாத்தாங்க இருக்கா. இப்ப மொட்டைமாடில நின்னு பாத்துகினு இருக்கா."

கலியம்மாள் வழிவிட்டார். சண்முகப்பிரியா பார்த்தாள். சுண்டலை இரண்டாம் முறையும் வாங்கித் தின்றாள்.

அன்று துரைராஜ் வீட்டிலிருந்து புறப்படும்போது வினோலியா, "நானும் வரட்டாப்பா?" என்று கேட்டிருந்தாள்.

"நீ வேணாம்மா. ஜன்னல சாத்திட்டு உள்ளயே இரு."

அவளுக்கு முதல் கர்ப்பம் தங்கவில்லை. நிலவின்மேல் விழுவது பூமியின் நிழல், வேறொன்றுமில்லை என்பதில் துரைராஜுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் குவார்ட்டர்ஸைச் சுற்றி வந்து, எல்லா ஜன்னலும் சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தார்.

விருது விழா அந்த மாதக் கடைசியில் நடந்தது. துரைராஜுக்குச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுத்த பிறகு, குள்ளஞ்சாவடியிலிருந்து வந்திருந்த கலியம்மாளைப் பேச அழைத்தார்கள்.

"நான் வுடமாட்டேன்னுதாங்க நின்னேன். தன் பொண்ணே மாடில நிக்குதுன்னு சாரு சொன்னாரு. அப்புறந்தான் மருமவள வுட்டேன்." முன்வரிசையில் வயிறும் பிள்ளையுமாக உட்கார்ந்திருந்தவளைக் கண்டு சிரித்தார். "அது நீதான? நல்லா பாத்தியாம்மா?"

வினோலியா எழுந்தாள். அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"ம்... நல்லா தெரிஞ்சுது" என்றாள்.

தனக்காக மகள் பொய் சொன்னதைத் துரைராஜால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ பாக்கலைங்க" என்றார். "உள்ளயே இருன்னு நாந்தான் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து.

"உங்க புள்ளைக்கு ஒண்ணு, எங்க புள்ளைக்கு ஒண்ணா சார்?" என்றார் கலியம்மாள்.

அப்படியே மேடையின் ஓரத்துக்குப் போய், இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

"பிரியா, வயிறு கியிறு வலிக்குதா? புள்ள அசையுதா, பாத்துச் சொல்லு."

புகைப்படக்காரர் கேடயத்தை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். அது துரைராஜ் காதில் விழவில்லை. பிரியா என்ன சொல்லப்போகிறாளோ என்று, அவரும் கலியம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.