ஹாரியட்டும் ஒரு பொன்னாடையும்

நேற்று அலமாரியைக் குடைந்தபோது அந்துருண்டை வாசனையோடு ஒரு பொன்னாடை கையில் வந்தது. என் வீட்டுக்காரருக்குப் போர்த்தியது. பனி தள்ளும் மெஷின் உறையில்லாமல் நின்றது; கொண்டுபோய் அதற்குப் போர்த்தினேன். சிரிக்காதீர்கள், அவரைவிட அதற்குத்தான் எடுப்பாக இருந்தது.

அப்போது நாங்கள் அமெரிக்காவில் ஐசலினுக்கு வந்த புதிது. எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டியபோதுதான் ஹாரியட் அகப்பட்டாள். படங்கள் பேசாத காலத்தில் இதே நியூ ஜெர்சியில் படம் இயக்கியவள். இயக்கியது அவள், விளம்பரத்தில் பெயர் அவள் கணவனுடையது. படித்த அன்று கோபத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மூன்று மாதம் உட்கார்ந்து அவளைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு எழுதினேன். வீட்டுக்கு ஒரே ஈமெயில், அவர் பெயரில். கட்டுரையின் கீழே என் பெயரைப் போட மறந்து அனுப்பிவிட்டேன், என் சமர்த்து அப்படி. மலர் வந்தது. ஹாரியட்டின் கதைக்குக் கீழே அவர் பெயர்.

“சங்கத்துல சொல்லி மாத்தச் சொல்லுங்க.”

“பிரின்ட் ஆயிடுச்சு, விடேன். நீ வேற நான் வேறயா?”

ஹாரியட்டின் கணவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

விழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டார். செயலாளர் மைக்கை நீட்டி, “சார், அந்த லேடி டைரக்டர் பத்தி ரெண்டு வார்த்தை ஷேர் பண்ணுங்க” என்றார். மனிதர் தலைப்பைக்கூடப் படித்ததில்லை. “அந்த லேடி... ரொம்ப கிரேட் லேடி...” என்று இழுத்தார். முதல் வரிசையில் இருந்த என்னிடம், பெயரையாவது சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினார். நான் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசியான பொங்கலைப் பிறகு நான் சாப்பிட்டதே இல்லை.

காரில், “பேரைச் சொல்லித் தொலைச்சா என்ன? மானமே போச்சு” என்றார்.

“நீங்க வேற நான் வேறயா? ரெண்டு பேருக்கும்தான் போச்சு” என்றேன்.

இப்போது சங்கத்தில் மலர் அச்சடிப்பதில்லை. நூலகத்தில் அந்தப் பத்திரிகைகள் இல்லை. ஹாரியட்டின் படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். நான் தட்டச்சு செய்த கம்ப்யூட்டரும் குப்பைக்குப் போயாயிற்று. எங்கள் வீட்டிலிருந்த மலரை விழா நடந்த வாரமே நான்தான் கிழித்தேன். மூன்று மாத உழைப்பு. அவர் பெயரில் இருப்பதைவிட இல்லாமலே போகட்டும்.